மூன்றாம் நாள் ராத்திரி

போன வருஷம் ஆகஸ்ட் முதல் வாரம், உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டிக் கர்ப்பிணிகளுக்கு நடந்த வகுப்பு ஒன்றுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மருமகன் வளைகுடாவில் இருக்கிறார், மனைவிக்கு மாடி ஏற முடியாத முழங்கால் வலி. எட்டு மாத வயிற்றோடு மகள் முன்வரிசையில் உட்கார, பேரப்பிள்ளை வரப்போகும் பெருமையோடு நான் கடைசி பெஞ்சில் இடம்பிடித்தேன். 1986-இல் என் மகன் பிறந்தபோது பிரசவ வார்டு வராந்தாவில்கூட ஆண்களை நிற்க விடமாட்டார்கள். வேப்பமரத்தடியில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இருபத்தொன்பது வயதுக்காரனுக்கு, ஒருநாள் இதே விஷயத்தை விசிறிக்கடியில் உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பானா?

சிஸ்டர் அருமையாக நடத்தினார். துணியில் தைத்த ஒரு பொம்மைக் குழந்தையை மடியில் போட்டு, தலையும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும், வாய் அகலமாகத் திறந்த பிறகே மார்போடு சேர்க்கவேண்டும், காம்பை மட்டும் பிடித்தால் வலிக்கும், கருவளையமும் வாய்க்குள் போகவேண்டும் என்றெல்லாம் மலையாளத்திலும், எங்களைப் போன்றவர்களைப் பார்த்தபோது தமிழிலும், பாதியில் இரண்டையும் கலந்தும் சொன்னார். அதியன்னூரிலிருந்து பாறசாலை வரை எங்கள் பக்கத்து நாக்கு அப்படித்தான். 1956-இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அன்று தொடங்கி நாங்கள் வீட்டில் தாய்ப்பாலும் ஆஸ்பத்திரியில் முலப்பாலுமாக வளர்ந்தவர்கள்.

கேள்வி நேரத்தில் இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெண், வயது இருபத்திரண்டுக்கு மேல் இராது, பாதி எழுந்து நின்று கேட்டாள். "சிஸ்டரே, ஒருவேளை பால் காணாம வந்தா, பொடிப்பால் எப்படிக் கலக்கணும்?"

அறை ஒரு கணம் அமைதியானது. சிஸ்டர் பொம்மையை மேசையில் வைத்தார். கோபமில்லை, சங்கடம்தான். "அதொந்நும் இவிடெ பறயான் பாடில்ல மோளே. பால் வரும், பேடிக்கண்டா." அதையெல்லாம் இங்கே சொல்லக்கூடாது, பால் வரும், பயப்படாதே. அந்தப் பெண் உட்கார்ந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்ததைப் பின்னால் இருந்த நான் பார்த்தேன். அப்போது என் மனசு அந்த வகுப்பைவிட்டு வெளியேறி, எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒரு டின்னிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த டின்னைப் பற்றிச் சொல்லுமுன், அதற்கும் முந்திய காலத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பேறுகாலம் என்பது வீட்டில் ஓர் அறை, வெந்நீர்க் கொப்பரை, வேப்பிலையும் நொச்சியும் போட்ட வேது, அப்புறம் வயற்றாட்டி என்ற மருத்துவச்சி. பிள்ளை பிறந்ததும் பாட்டி விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் தொட்டு அதன் நாக்கில் சேனை வைப்பாள். மஞ்சளாக முதலில் வரும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொன்ன வீடுகளும் உண்டு. இன்று முதல் தடுப்பூசி என்று மருத்துவர்கள் கொண்டாடும் அந்த மஞ்சள் பாலை எத்தனை பிள்ளைகளிடமிருந்து நாங்களே பறித்திருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஆகவே அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நல்லதும் இருந்தது. என் தங்கச்சி பிறந்து இருபது நாளில் அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. அடுத்த வீட்டு அக்கா, தன் பிள்ளையை இடப்பக்கமும் என் தங்கச்சியை வலப்பக்கமும் போட்டு, திண்ணையில் உட்கார்ந்து பால் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அதைத் தியாகம் என்று சொல்லவில்லை, நன்றிகூடச் சொல்லவில்லை. பிள்ளை அழுதது, பால் இருந்தது, கொடுத்தாள். அந்த வீட்டுப் பையனும் என் தங்கச்சியும் இன்றும் ஒருவரையொருவர் உடன்பிறப்பு என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். 2021-இல் எறணாகுளம் பொது மருத்துவமனையில் கேரளத்தின் முதல் தாய்ப்பால் வங்கி திறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியது 1989-இல். எங்கள் அக்காவுக்குக் குளிர்பெட்டியும் பரிசோதனையும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பால் போதாத பிள்ளைக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சி, பாலாடையில் ஊற்றிப் புகட்டுவார்கள். கொஞ்சம் வளர்ந்தால் கூவரகுக் குறுக்கு, மசித்த மட்டிப்பழம், வெயிலில் உணக்கி இடித்த வாழைக்காய்ப்பொடி. எங்கள் வீட்டுப் பாலாடை வெள்ளி. மூக்கு நீண்டு, அடி உருண்டு, உள்ளங்கையில் வைத்தால் குருவிக்குஞ்சு மாதிரி உட்காரும். பாட்டி கொண்டுவந்தது. அம்மா வளர்ந்தது, நான் வளர்ந்தது, எல்லாம் அதில்தான். இன்று உலகத்துக் குழந்தை மருத்துவர்கள் எடை குறைந்த பச்சிளம் பிள்ளைகளுக்குப் புட்டியைவிட இதுவே நல்லது என்று எழுதுகிறார்கள். ஆங்கில மருத்துவ நூல்களில்கூடப் பாலாடை என்ற நம் சொல்லே நிற்கிறது. பாட்டி இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைப் படித்துக்காட்டியிருப்பேன்.

இதற்கு நடுவில்தான் டின் வந்தது. அந்த நாளில் நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கோ போய்வந்தவர் யாராவது ஒரு கிளாக்ஸோ டின்னோ லாக்டோஜன் டின்னோ கையில் பிடித்து பஸ்ஸைவிட்டு இறங்கினால், அந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்பதோடு அந்த வீட்டில் காசு இருக்கிறது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். கொழுகொழு என்று இருக்கும் பிள்ளையைக் கிளாக்ஸோ பேபி என்று கொஞ்சினோம், பிறகு அமுல் பேபி என்று கொஞ்சினோம். தாய் மார்பில் குடித்துக் கொழுத்த பிள்ளைக்கும் டின்னின் பேரைத்தான் சூட்டினோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது உறைக்கவில்லை. காலியான டின்கள் எங்களுக்குப் பொக்கிஷம். ஆணியால் சுற்றிலும் துளைபோட்டு உள்ளே மெழுகுவர்த்தி கொளுத்தினால் விளக்கு, நூல் கட்டினால் டெலிபோன், அம்மாவுக்கு விதை போட்டுவைக்கும் பெட்டி. உள்ளே கிடக்கும் சின்னக் கரண்டி மட்டும் தனியாகப் பிழைத்து, வருஷக்கணக்கில் சர்க்கரைப் பரணியிலோ தேயிலை டப்பாவிலோ குடியிருக்கும். உங்கள் வீட்டுத் தேயிலை டப்பாவில் இப்போதும் ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கதையின் பாதி அந்தக் கரண்டியில் இருக்கிறது.

1986-க்கு வருகிறேன். மனைவிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன். மயக்கம் தெளிந்து அவள் பிள்ளையைக் கையில் வாங்குவதற்குள் பாதி நாள் போய்விட்டது. அதற்குள் யாரோ புட்டியில் ஏதோ கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி பிள்ளை வீரிட்டு அழுதது. மார்பு கட்டிப்போய்க் கல் மாதிரி கிடக்க, பிள்ளைக்கோ பிடிக்கத் தெரியவில்லை. பிடிக்க வைக்க எங்களுக்குத் தெரியவில்லை. என் கையில் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, மருந்துக்கடையில் இதை வாங்கிவாருங்கள் என்றார்கள். வாங்கிவந்தேன். எப்படிக் கலக்குவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க வெட்கம்.

நான் தமிழ் வாத்தியார். டின்னில் எழுதியிருந்ததோ ஆங்கிலமும் இந்தியும். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். கரண்டியைத் தலைதட்டி எடுக்கவேண்டும் என்று எழுதியிருந்ததை, ஏதோ ஓர் அளவின் பெயர் என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் குவித்துப் போட்டேன், மறுநாள் பாதியாகப் போட்டேன். சம்பளம் வருவதற்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. டின் பத்து நாளில் தீர்ந்துவிடும்போல் இருந்தது. நான் செய்ததை இன்று எழுதும்போதும் கை தயங்குகிறது: தண்ணீரைக் கூட்டினேன். வயிறு நிறைந்தால் போதும் என்று நினைத்தேன். பிள்ளை குடித்தது, தூங்கியது, அரைமணி நேரத்தில் எழுந்து அழுதது. மாமியார் பார்க்க வந்த நாளில் மனைவி டின்னை அரிசிப்பானைக்குப் பின்னால் தள்ளினாள். அவள் முகத்தில் அன்று இருந்த வெட்கத்தை நான் வேறெந்த நாளிலும் பார்த்ததில்லை. திருட்டுப்பொருளை ஒளிப்பவள் மாதிரி இருந்தாள். அவள் செய்த தப்பு என்ன?

பிள்ளைக்கு ஒரு மாதம் முடிந்தபோது சப்சென்டர் நர்ஸம்மா வந்தார். வராந்தா உத்தரத்தில் சுருள்வில் தராசைக் கட்டி, துணித்தொட்டிலில் பிள்ளையைத் தொங்கவிட்டு, முள்ளைப் பார்த்தார். பேசாமல் நேராக அடுக்களைக்குப் போனார். டின்னை எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. கரண்டியை எடுத்துப் பொடியில் முக்கினார், மனைவியிடம் ஒரு கத்தி கேட்டார், கத்தியின் முதுகால் கரண்டியின் தலையில் ஒரே இழுப்பு. பொடி வழித்துக்கொண்டு டின்னுக்குள் விழ, கரண்டியின் மேல் பரப்பு காரை பூசிய தரை மாதிரி மட்டமாக நின்றது. "இதுதான் சாரே ஒரு கரண்டி. இதுக்குமேல கூடினா பிள்ளைக்கு வயிறு கட்டும், கொறைஞ்சா பிள்ளை வாடும். தண்ணியை முதல்ல அளக்கணும், பொறவுதான் பொடி." தண்ணீரைக் கொதிக்க வைத்து, ரொம்ப ஆறுவதற்குள் பொடியைப் போடச் சொன்னார். மீந்ததை வைத்திருந்து கொடுக்காதீர்கள் என்றார். ரப்பர் புட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "வீட்ல பாலாடை இல்லியா?" என்று கேட்டார்.

அதோடு எழுந்து போயிருந்தால் அவரைப் பற்றி இத்தனை எழுதமாட்டேன். மனைவியின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளையை வாங்கி, மார்போடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் மார்பு, பிறகுதான் பாலாடை. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும், உறிஞ்சாத மார்பு வற்றும் என்றார். மூன்று நாளைக்கு ஒருமுறை வந்தார். இரண்டு வாரத்தில் பாலாடையில் ஊற்றும் அளவு குறைந்தது, நாலாவது வாரம் டின்னை மூடிவிட்டோம். டின் பாலைச் சரியாகக் கலக்கச் சொல்லிக்கொடுத்தவர்தான் தாய்ப்பாலையும் மீட்டுக்கொடுத்தார். ஒன்றைச் சொன்னால் மற்றது கெட்டுப்போகும் என்று பேசுகிறவர்களிடம் எனக்கு இந்த ஒரு சாட்சிதான் சொல்ல இருக்கிறது. எனக்கு அது போதும்.

சிஸ்டரின் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அது கனத்த காரணம். 1939-இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ரோட்டரி சங்கத்தார் முன் நின்று, பாலும் கொலையும் என்ற தலைப்பில் பேசினார். டின் பால் விற்பவர்கள் ஏழைத் தாய்மாரை ஏமாற்றி மார்பிலிருந்து பிள்ளையைப் பிரிப்பதைக் கொலை என்றே சொன்னார். பின்னாளில் நிறுவனங்கள் பெண்களுக்கு நர்ஸ் மாதிரி வெள்ளைச் சீருடை போட்டுப் பிரசவ வார்டுகளுக்கு அனுப்பின. அசுத்தமான தண்ணீரிலும், என்னைப் போன்றவர்கள் நீர்த்துக் கலக்கிய புட்டியிலும் ஏழை நாடுகளில் எத்தனையோ பிள்ளைகள் மாண்டன. 1981 மே மாதம் உலக சுகாதார மன்றம் பால்பொடி விற்பனைக்கு நெறிமுறை வகுத்தபோது 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து ஒரே ஓட்டு, அமெரிக்காவினுடையது. இந்தியா 1992-இல் சட்டமே போட்டது. 1993 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த வருஷம்தான் என் மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு வந்த டின்களில் குழந்தைப் படத்தைக் காணோம். என் மகனின் டின்னில் சிரித்த பிள்ளை, மகள் காலத்தில் மறைந்துவிட்டது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் டின் மேலேயே ஏறியது. விளம்பரம், இலவச டின், டாக்டருக்குக் கமிஷன் எல்லாம் குற்றமாயின. 2002-இல் கேரளம், பிரசவ ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பாலுக்கு முதலிடம் தரும் குழந்தை நேய மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது ஊரெல்லாம் பெருமைப்பட்டது. நானும் பெருமைப்பட்டேன். இந்தச் சட்டத்தில் ஒரு கால்புள்ளியைக்கூட யாரும் தளர்த்தக்கூடாது என்பதே என் கட்சி.

ஆனால் அந்தச் சட்டத்தை நான் உட்கார்ந்து படித்தேன். சுகாதாரப் பணியாளர் தவிர வேறு யாரும் தாய்க்கோ குடும்பத்தாருக்கோ பால்பொடி புகட்டும் முறையைச் செய்துகாட்டக் கூடாது என்கிறது. செய்துகாட்டும் பணியாளர், தவறாகக் கலந்தால் என்ன கேடு வரும் என்பதையும் விளக்கவேண்டும் என்கிறது. அப்படியென்றால் கம்பெனிக்காரன் வாயைக் கட்டிய சட்டம் சிஸ்டரின் வாயைக் கட்டவில்லை. அந்த இடத்தை அவருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. குழந்தை நேய மருத்துவமனைகளின் நெறியோ, கர்ப்பிணிகளைக் கூட்டமாக உட்காரவைத்து இதைச் சொல்லவேண்டாம், தேவைப்படுகிற தாய்க்குத் தனியாகச் சொல்லுங்கள் என்கிறது. அதைத்தான் அந்த சிஸ்டரும் செய்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத் தூணுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நல்ல மனுஷி.

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. வாய்விட்டுக் கேட்டவளுக்குத் தூண் மறைவு கிடைத்தது. கேட்காமல் போன முப்பது பேருக்கு? கேரளத்தில் இன்று வீட்டில் பிறக்கும் பிள்ளை அநேகமாக இல்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுப்படி இங்கே 38.9 விழுக்காடு சிசேரியன். இந்திய அளவில் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைகள் 63.7 விழுக்காடு என்கிறது அதே கணக்கு. எங்கள் மாநிலம் அதைவிடக் கீழே இருக்கிறது. ஆக எத்தனையோ வீடுகளில் டின் இருக்கிறது. இன்றும் அது அரிசிப்பானைக்குப் பின்னால்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் ராத்திரி அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கப்போவது யார்? மருந்துக்கடைப் பையனும் கையிலிருக்கும் போனும்தான். நாம் பேசாமல் விட்ட இடத்தில் வியாபாரம் பேசும்.

வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷத்தை இதற்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கம்பெனிப் பேர் வேண்டாம், டின் மேசைக்கு வரவே வேண்டாம். முதலில் மார்பு, அது முடியாத நேரம் பீய்ச்சி எடுத்த பால், அப்புறம் வங்கிப் பால், அதுவும் கிடைக்காதபோது பொடிப்பால் என்று வரிசையைச் சொல்லுங்கள். ஒரு தம்ளர், ஒரு பாலாடை, ஒரு கரண்டி, ஒரு கத்தி போதும். பொடி கிருமி இல்லாத பொருள் அல்ல, அதனால் கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் கலக்கவேண்டும், பிறகு ஆறவைத்துப் புகட்டவேண்டும், கலந்து 2 மணி நேரத்தில் புகட்டாததைக் கொட்டிவிடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2007-இல் எழுதிவைத்திருப்பதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அதைவிட முக்கியமாக, மருந்து சாப்பிடுகிற தாய், ரத்தம் நிறையப் போன தாய், இரட்டைப்பிள்ளைத் தாய், இவர்களில் யாராவது டின் திறக்க நேர்ந்தால் அது தோல்வியில்லை என்று ஒரு வார்த்தை. என் மனைவிக்கு அந்த ஒரு வார்த்தையை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் அவள் அரிசிப்பானைக்குப் பின்னால் கையை விட்டிருக்கமாட்டாள்.

செப்டம்பர் கடைசியில் பேரன் பிறந்தான். மகளுக்கும் சிசேரியன். இந்தத் தடவை பிள்ளையை உடனே மார்பில் போட்டார்கள். அந்த மாற்றத்தைப் பார்க்கவாவது இத்தனை வருஷம் இருந்தேனே என்று கண் நிறைந்தது. ஆனால் மூன்றாம் நாள் ராத்திரி வராமல் போகுமா? பிள்ளையின் எடை குறைந்திருந்தது, பீய்ச்சினால் பாலாடையின் அடிதான் நனைந்தது. டாக்டர் தற்காலிகமாகக் கொஞ்சம் பொடிப்பாலும் கொடுக்கச் சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த வெள்ளிப் பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுத்து வைத்தேன்.

மணி இரண்டு இருக்கும். மகள் கட்டிலில் சாய்ந்தபடி தண்ணீரை முதலில் அளந்தாள், கரண்டியைப் பொடியில் முக்கினாள், பழம் வெட்ட வைத்திருந்த கத்தியைத் திருப்பி அதன் முதுகால் ஒரே இழுப்பு இழுத்தாள். "சரியாப்பா?" என்று என்னைப் பார்த்தாள். பாலாடையின் மூக்கு கீழுதட்டில் பட்டதும் பேரன் பூனைக்குட்டி மாதிரி நாக்கை நீட்டினான். பாதி உள்ளே போயிற்று, பாதி வாயோரம் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்கியது. வேட்டி முனையால் துடைத்தேன். தீர்ந்ததும் அவனை வாங்கி மறுபடி மார்போடு சேர்த்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலிலிருந்த பெண், தன் பையிலிருந்த டின்னைத் துணியை விலக்கி மெல்ல வெளியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "மாமா, அந்தக் கத்தியை இங்க தாரியளா?" என்று கேட்டாள்.